ஆல்ஃப்டாவாட்ன் முதல் எம்ஸ்ட்ரூர் வரை: ஆறும் கருமணலும்

ஐஸ்லாந்தின் தெற்கு மலைப்பகுதியில், லான்ட்மன்னலாய்கரிலிருந்து தோர்ஸ்மோர்க் வரை சுமார் 55 கிலோமீட்டர் நீளும் லோய்காவேகூர் நடைப்பாதையைப் பெரும்பாலோர் நான்கு நாட்களாகப் பிரித்து நடக்கிறார்கள். பல வண்ண மலைகளும் ஆவி கக்கும் வெந்நீர் ஊற்றுகளும் முதல் நாளிலேயே வந்துவிடுவதால் புகைப்படங்களில் அந்த நாளுக்கே இடம் அதிகம். ஆனால், முதுகுச் சுமையோடு நெடுந்தூரம் நடக்கப் பழகுகிறவருக்கு மூன்றாம் நாளே கற்றுத்தரும் நாள் என்பது என் கருத்து. ஆல்ஃப்டாவாட்ன் ஏரிக்கரையிலிருந்து எம்ஸ்ட்ரூர் குடில்கள் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஏற்றம் குறைவுதான், ஆற்றுக்கும் காற்றுக்கும் ஈடுகொடுப்பதே பெரும்பாடு.

பனி உருகி வரும் ஆறுகள் வெயில் ஏற ஏறப் பெருகும் என்பதால் காலையிலேயே கூடாரத்தைச் சுருட்டிவிட்டேன். முதல் ஓடை எளிதாகவே கடந்துபோனது. குவான்கில் குடிலைத் தாண்டியபின் வரும் ப்ளாஃப்யாட்லாக்விஸ்ல் ஆறுதான் நிதானம் கேட்டது. ஆறு குறுகும் இடத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். ஆகவே அது அகன்று கிளைபிரிந்து ஓடும் இடத்தைத் தேடிக் கரையோரமாக நடந்தேன். நடைக்காலணியைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, பிடிப்புள்ள அடியுடைய பழைய விளையாட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு, தவறி விழுந்தால் பையை உடனே உதறிவிட வசதியாக இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டேன். நீரோட்டம் வரும் திசையை நோக்கி நின்று, இரண்டு நடைக்கோல்களையும் ஊன்றி, ஒரு கால் நன்றாகப் பதிந்தபின்பே அடுத்த காலை எடுத்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். முழங்கால் வரை ஏறிய நீரில் கால்விரல்கள் முதலில் வலித்து, பிறகு மரத்துப்போயின. மரத்த காலுக்குக் கல்லின் விளிம்பு தெரியாது என்பதால் அவசரம் கூடவே கூடாது. அக்கரையில் உடனே துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறை அணிந்த பின்பே வெந்நீர் குடித்தேன்.

அதற்கப்பால் பரந்து விரிவது கருமணல் வெளி. தென்கிழக்கில் தெரியும் மீர்டால்ஸ்யோகுட்ல் பனிக்கவிப்பின் அடியில்தான் 1918இல் பெரிதாக வெடித்த கட்லா எரிமலை இருக்கிறது. அது வெடிக்கும்போது பனி உருகிப் பெருவெள்ளமாகப் பாயும். இந்தச் சமவெளியில் நிழலில்லை, ஒதுங்கப் பாறையுமில்லை. எதிர்க்காற்றில் கிளம்பும் மணல் பற்களுக்கிடையே நறநறத்தது. மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கண்ணாடி அணிந்து நடந்தேன். இந்த வழிக்குக் கண்ணாடி கூடுதல் சுமையல்ல, அவசியப் பொருள் என்றே சொல்வேன். கரிய பரப்பிலிருந்து செங்குத்தாக எழும் ஸ்டோராசூலா மலை முழுவதும் பாசியின் பசுமை. அந்தப் பாசியில் கால் பட்டால் தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பாதையில் சேறு தேங்கிய இடங்களிலும் ஓரத்துக்கு விலகாமல் அதன் நடுவிலேயே நடந்தேன்.

எம்ஸ்ட்ரூரில் கூடாரம் அடித்தபின், அருகிலுள்ள மார்கார்ஃப்ல்யோட் பள்ளத்தின் விளிம்புவரை போய்வந்தேன். ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம். விளிம்பு மண் இளகலாக இருப்பதால் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. மறுநாள் தோர்ஸ்மோர்க்கை அடையுமுன் த்ரோங்கா ஆறு குறுக்கிடுகிறது. அதன் நீர்மட்டத்தைக் குடில் காப்பாளரிடம் விசாரித்துக்கொண்டு, நனைந்த காலணியை எளிதில் எடுக்கும்படி பையின் வெளிப்புறத்தில் கட்டிவைத்தேன்.