முனியாண்டிக் கிடாவுக்குச் சொறி

சுங்கை சிப்புட், மலேசியா, ஜூன் 8

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடா செம்பனை மரத்தில் உடம்பைத் தேய் தேயென்று தேய்க்கிறது. காதோரம், கண்ணைச் சுற்றி, மூக்கு எல்லாம் முடி கொட்டி, தோல் மரப்பட்டைபோல் தடித்திருக்கிறது. போன மாதம் வாங்கிய பெட்டையாட்டைத் தனியாகக் கட்டாமல் மந்தையோடு விட்டது நான்தான். அதன் காதிலும் இதே பொருக்கு இருந்தது. புழுதி என்று நினைத்தேன்.

லாரியில் வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசச் சொல்கிறார் பெரியப்பா. பால்மர (ரப்பர்) காலத்து மருந்தாம். பூசிய ஆடுகளில் எத்தனை பிழைத்தன என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

ஜூன் 10

கால்நடை மருத்துவர் வந்தார். பொருக்கை ரத்தம் கசியும்வரை சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். உருண்டை உடம்பு, குட்டையாக எட்டுக் கால். பெயர் சார்கோப்டிஸ். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி, அதிலேயே முட்டையிடுகிறது. கறுப்பு எண்ணெயைப் பூசினாலோ? தோல் வழியாக ஆட்டுக்குத்தான் நஞ்சு ஏறும்.

செம்பனைக் குலை நிறுக்கும் தராசிலேயே கிடாவை நிறுத்தோம்: 38 கிலோ. பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி. சொறியில்லாத ஆடுகளுக்கும் சேர்த்து, பதினொன்றுக்கும். முட்டையை மருந்து ஒன்றும் செய்யாது என்பதால், பொரித்து வருபவற்றுக்காக 14 நாள் கழித்து இன்னொன்று.

இந்த மருந்து பிறந்தது ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தருகே அள்ளிய மண்ணிலிருந்து. அள்ளிய சத்தோஷி ஓமுராவுக்கு 2015இல் நோபல் பரிசு. நம் தோட்டத்து மண்ணில் உரத்தைத் தவிர யார் எதைத் தேடினார்கள்?

ஜூன் 13

எனக்கும் முழங்கையில், வயிற்றில் அரிப்பு. ஆட்டுச் சொறிப்பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது, தானே அடங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். மனைவி தலையணையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 24

இரண்டாவது ஊசி. கிடாவின் காதில் பஞ்சுபோல் முடி முளைக்கிறது. இன்றிலிருந்து 35 நாள் அறுக்கக் கூடாது என்றார் மருத்துவர். எண்ணிப் பார்த்தால் ஜூலை 29. பூசையோ ஜூலை 20.

"முனியாண்டியை ஊசி என்ன செய்யும்?" என்றார் பெரியப்பா.

"அவரை ஒன்றும் செய்யாது. கறி தின்னப்போவது நாம்தானே, பெரியப்பா?"

ஜூன் 29

கோயில் கூட்டம். வேறு கிடா வாங்கலாம் என்றார்கள். யாரிடம் என்று கேட்டேன். எனக்குப் பெட்டையாட்டை விற்ற அதே ஆளைத்தான் சொன்னார்கள். பூசை ஆகஸ்ட் 3க்குத் தள்ளிப்போயிருக்கிறது.