எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு யார் போவது?

நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வசந்தகாலத் தேர்வுகள் நெருங்கும்போது எங்கள் துறைக்கு ஒரு வேலை வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் யார் யார் அடுத்த ஆண்டே அல்ஜீப்ரா படிக்கலாம் என்று பட்டியல் போட வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் எட்டாவதில் அல்ஜீப்ராவை முடித்த பிள்ளைதான் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீ-கால்குலஸ் என்று ஏறிப் பன்னிரண்டாவதில் கால்குலஸ் தொடும். ஒன்பதாவதில் தொடங்கும் பிள்ளை ப்ரீ-கால்குலஸோடு பள்ளியை முடித்துவிடும். பொறியியலா, வேறேதாவதா என்பதில் பாதி பன்னிரண்டு, பதிமூன்று வயதிலேயே முடிவாகிவிடுகிறது.

பட்டியல் மார்க்கை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. ஆசிரியர் பரிந்துரை என்று ஒரு கட்டம் உண்டு. வில்லங்கம் அங்கேதான். “மார்க் இருக்கிறது, முதிர்ச்சி போதாது” என்ற வரியை நான் பார்த்த வரையில் பெரும்பாலும் கறுப்பினப் பையன்களின் பெயருக்கு எதிரேதான் பார்த்திருக்கிறேன். அதே மார்க் வாங்கிய நம்மூர்ப் பையன், வகுப்பில் ஒரு நிமிடம் நாற்காலியில் உட்காராதவன், “துடிப்பானவன், சமாளித்துக்கொள்வான்” என்று போய்விடுவான். எழுதுபவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்ல ஆசிரியர்கள், பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர்கள். கூட்டத்தில் நான் கேட்பது ஒன்றுதான்: “இந்த முதிர்ச்சியை எந்தப் பரீட்சையில் அளந்தோம்?” கேட்டதும் சிலர் காபியைப் பார்ப்பார்கள். சில பெயர்கள் மேலே வரும்.

இது என் பள்ளியின் கதை மட்டுமல்ல. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மீத்திறன் மாணவர்களுக்கான ‘கிஃப்டட்’ வகுப்புகளைப் பற்றியது. ஒரே அளவு மதிப்பெண் இருந்தாலும், வெள்ளைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். வகுப்பாசிரியரும் கறுப்பினத்தவராக இருந்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த ஆசிரியர்கள் எங்கே? 1954-இல் வந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பை நாம் வெற்றிக் கதையாகத்தான் படித்திருக்கிறோம். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். சரி. ஆனால் அதை நடைமுறைப்படுத்திய விதம் என்ன? கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிசௌரியில் மோபர்லி என்ற ஊரில் 1955-இல் லிங்கன் பள்ளியை மூடியபோது அங்கிருந்த 11 கறுப்பின ஆசிரியர்களில் ஒருவருக்குக்கூட வேலை நீட்டிக்கப்படவில்லை. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 1954-க்கும் 1965-க்கும் இடையே 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் வரலாறு எடுக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க டீச்சர் ஒருவர், எனக்கு மூத்தவர். அவருடைய பெரியம்மா வட கரோலினாவில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவராம். பள்ளிகளை இணைத்த பிறகு அவருக்குக் கொடுத்தது நூலக உதவியாளர் வேலை. “வீட்டில் யாரும் டீச்சராகாதே என்று அவரே சொல்லுவார்” என்றார் என் தோழி. அதையும் மீறி இவர் ஆனார்.

2020-21 கணக்குப்படி அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் வெள்ளையர் சுமார் 80 சதவீதம், கறுப்பினத்தவர் 6 சதவீதம். மாணவர்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 15 சதவீதம்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்பதுதான் எனக்கு உறுத்தல். எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் ஆண்டறிக்கையில் வெள்ளையர் அல்லாத ஆசிரியர்களின் எண்ணிக்கை ஏறுகிறது என்று அழகான வரைபடம் போட்டார்கள். அந்தக் கோட்டை ஏற்றியது நானும், கேரளத்திலிருந்து வந்த அறிவியல் டீச்சரும், இன்னும் சில இந்தியர்களும். பாளையங்கோட்டையில் பி.எட். முடித்து, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசாவில் பல காலம் வீட்டிலிருந்து, பிறகு சான்றிதழ்களை மதிப்பிடக் கொடுத்து, ஆசிரியர் உரிமத்துக்கான ப்ராக்சிஸ் தேர்வு எழுதி வந்தவள் நான். எனக்கு வேலை கிடைத்ததில் குறையொன்றும் இல்லை. ஆனால் கணக்குத் துறையில் இன்றுவரை ஒரு கறுப்பின ஆசிரியர் கிடையாது. என்னைக் காட்டி அந்த வெற்றிடத்தை மறைப்பது சரியில்லை என்று டிஸ்ட்ரிக்டின் தலைமைப் பொறுப்பிலிருக்கும் கண்காணிப்பாளரிடமே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

இருக்கும் சிலரையும் போட்டுப் பிழிகிறார்கள். ஒபாமா காலத்துக் கல்வி அமைச்சர் ஜான் கிங் 2016-இல் இதைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்றார். கறுப்பினப் பையன் எந்த வகுப்பில் சண்டை போட்டாலும் என் தோழியைத்தான் கூப்பிடுவார்கள், அவர் பாதிப் பாடத்தில் இருந்தாலும். எனக்கு வரும் வரி இலேசானது: தீபாவளி அலங்காரம், இந்தியப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பு. குஜராத்தியில் எனக்கு ‘கேம் சோ’ (எப்படி இருக்கிறீர்கள்) மட்டும்தான் தெரியும் என்றால் யாரும் நம்புவதில்லை. வெள்ளையர் அல்லாத ஆசிரியர்களைப் புதிதாகத் தயார்படுத்த உதவிய கூட்டரசு மானியங்களையும் 2025 பிப்ரவரியில் வெட்டிவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாநிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால், பரிந்துரை இல்லாமலே அல்ஜீப்ராவில் சேர்த்துவிட வேண்டும் என்ற யோசனை எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கான கல்வி வாரியம், அதாவது போர்டு முன் இருக்கிறது. புதுமை ஒன்றும் இல்லை. வட கரோலினா 2018-லும், டெக்சஸ் 2023-லும் இதே போக்கில் சட்டம் போட்டுவிட்டன. நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் கொதிப்பு. “எல்லாரையும் உள்ளே விட்டா லெவல் இறங்கிடும்”, “மெரிட் போச்சு”. ஒரு தம்பி தனியாகவே கேட்டார், “அக்கா, நீங்க நம்ம பக்கம் இல்லையா?”

தம்பி, நீங்கள் அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர். கிண்டியில் சிங்கிள் விண்டோ கவுன்சிலிங்குக்குப் போனபோது உங்கள் முதிர்ச்சியை யாராவது கேட்டார்களா? ரேங்க் லிஸ்டில் பெயர் இருந்தது, கூப்பிட்டார்கள், சீட் எடுத்தீர்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்து, இங்கே வந்ததும் மெரிட் பேசும் நண்பர்களும் அதே குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்கு வேண்டாம். இப்போது கேட்பது ஒதுக்கீடுகூட இல்லை. மார்க் எடுத்தவனுக்கு இடம் கொடு என்பதுதான். உங்கள் மகன் மார்க் எடுத்திருந்தால் அவனும் உள்ளே. வேண்டியது இன்னொரு பிரிவு, அதற்கு ஒரு ஆசிரியர். பட்ஜெட்டில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அடுத்த போர்டு கூட்டத்தில் நான் பேசப்போகிறேன், வரலாற்று டீச்சரும் வருகிறார். பெயரும் ஊரும் சொன்னால் போதும், மூன்று நிமிடம் மைக் தருவார்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, எழுதிவைத்துப் படிக்கலாம். பிள்ளை ஏற்கனவே ஹானர்ஸ் என்ற உயர்நிலை வகுப்பில் இருப்பவர்களும் வாருங்கள். நீங்கள் பேசினால்தான் போர்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.