உத்தரவு மாறியது, ஆள்?

அமெரிக்க நேஷனல் கார்டு (மாநிலங்கள் வைத்திருக்கும், பெரும்பாலும் பகுதிநேரப் படை) பற்றிய வகுப்பை உத்தரவுச் சங்கிலியிலிருந்துதான் தொடங்குவேன். மாநிலப் பணி என்றால் உத்தரவும் சம்பளமும் ஆளுநருடையது. மத்தியச் சட்டத் தொகுப்பின் டைட்டில் 32 என்ற பகுதியின் கீழ் அழைத்தால் உத்தரவு ஆளுநருடையது, பணம் வாஷிங்டனுடையது. அதே தொகுப்பின் டைட்டில் 10 வந்தால் இரண்டும் வாஷிங்டன் கைக்குப் போய்விடும். 1878-இன் போஸி கொமிடேட்டஸ் சட்டமும் அப்போதுதான் குறுக்கே நிற்கும். கலவர ஒடுக்கல் சட்டம் போன்ற விலக்கு இல்லாமல் வீரர்கள் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது.

உதாரணம் ஆர்கன்ஸா மாநிலத்தின் லிட்டில் ராக், 1957. செப்டம்பர் தொடக்கத்தில் ஆளுநர் ஃபாபஸ் உத்தரவில் ஒன்பது கறுப்பின மாணவர்களை, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் விடாமல் மறித்த அதே ஆர்கன்ஸா கார்டை, 24-ஆம் தேதி அதிபர் ஐசன்ஹோவர் தன் கீழ் எடுத்துக்கொண்டார்.

"உத்தரவு மாறிடுச்சு, சரி சார். துப்பாக்கியோடு நின்ற அந்த ஆள் மாறினாரா?" என்றார் ஒரு மாணவி.

"சட்டத்துக்கு அது தேவையில்லைம்மா" என்றேன்.

தவறான பதில் இல்லை. ஏறத்தாழ 10,000 பேரை எடுத்துக்கொண்டதன் முக்கியப் பயனே அவர்கள் ஃபாபஸ் கையில் இல்லாமல் போனதுதான். பள்ளி வாசலுக்கு ஐசன்ஹோவர் முதலில் நம்பி அனுப்பியது மத்திய ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவை. ஆள் மாறமாட்டார் என்று அவரும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அப்படியானால் மாணவியின் கேள்வியை நான் ஏன் தள்ளிவிட்டேன்?

சங்கிலி தெளிவாக இருந்த இடங்களைப் பார்த்தாலும் நிம்மதி இல்லை. 1970 மே 4, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டம்: ஆளுநர் அனுப்பிய ஒஹாயோ கார்டு, குண்டு நிரப்பிய எம்1 துப்பாக்கிகள். கண்ணீர்ப் புகையைக் காற்று கலைத்துவிட்டது. அதற்கும் தோட்டாவுக்கும் நடுவே கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. 13 விநாடிகளில் 67 குண்டுகள், நான்கு மாணவர்கள் பலி. 1932 நவம்பரில் ஜெனீவாவில் கூட்டத்தின் மீது சுட்டவர்கள் பயிற்சியே முடியாத சுவிஸ் படைப் புதியவர்கள். 13 பேர் இறந்தார்கள். இரண்டிலும் யார் அனுப்பினார் என்பதைவிட, எவ்வளவு பழகியவர், கையில் என்ன இருந்தது என்பதே கனக்கிறது.

ஆனால் அந்த மாணவி கேட்டது இதுவும் அல்ல. லிட்டில் ராக்குக்கே திரும்புகிறேன். நவம்பர் இறுதியில் 101 கிளம்பியதும் பள்ளிக் காவல் முழுக்க கார்டிடம் வந்தது. உள்ளே அந்த ஒன்பது பேருக்கு வெள்ளை மாணவர்கள் கொடுத்த தொல்லை கூடியது. பொறுப்பை ஆள் மீது போடலாம் என்றால், வீரர்கள் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடு 101 இருந்தபோதே உண்டு. கட்டுப்பாட்டின் மீது போடலாம் என்றால், அதே கட்டுப்பாட்டோடு நடைபாதையில் நின்ற 101 காலத்தில் தொல்லை ஏன் குறைவாக இருந்தது?