எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு, நான்தான் நல்லா இல்ல

கொரோனாவுக்கு போட்ட ஸ்டீராய்டால இருக்கலாம்னாங்க, வலது இடுப்பு பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துப்போயி, ஏவிஎன்னு சொல்றாங்க, 2022ல ஆபரேஷன் பண்ணி பந்து கிண்ணம் ரெண்டையும் மாத்திட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு ஷீட் குடுத்தாங்க, குனியாதீங்க, கால் மேல கால் போடாதீங்க, தாழ்வான சேர்ல உக்காராதீங்கன்னு. அதுல பாதி முதல் மூணு மாசத்துக்கு மட்டும்தானாம். நான் ஒன்றரை வருஷம் அப்படியே இருந்தேன்.

பந்து கழண்டுடுமோன்னு ஒரே பயம். மழை பெஞ்சா வாசப்படி தாண்ட மாட்டேன், டவுன் பஸ் வந்தா எந்தக் கால முதல்ல வைக்கிறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள கண்டக்டர் விசில் அடிச்சிடுவாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்துக் கொட்டி, ஹார்ட் அட்டாக்குன்னு ரெண்டு தடவ ஓடினோம், ரெண்டு தடவையும் ஈசிஜி நார்மல். ஆர்த்தோ ரிவ்யூல எக்ஸ்ரேய லைட்ல புடிச்சு பாத்துட்டு "சூப்பரா இருக்கு, கெளம்புங்க"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். தூக்கம் வருதான்னு ஒருத்தரும் கேக்கல, நானும் சொல்லல, எலும்பு டாக்டர்கிட்ட போயி பயமா இருக்குன்னு எப்படி சொல்றது.

ஒரு ராத்திரி 14416க்கு அடிச்சேன், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அந்தம்மா வலியப் பத்தி கேக்கவே இல்ல, "எதையெல்லாம் செய்யாம விட்டுட்டீங்க சார்?"னாங்க. எண்ண ஆரம்பிச்சவன் பாதியில அழுதுட்டேன்.

அவங்க சொன்னபடி ஜிஹெச் மனநல ஓபிக்கு போனேன். ஏழு கேள்வி உள்ள ஒரு தாள், 21க்கு 14 வந்துச்சு, மிதமான பதட்டமாம். சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு போனது நல்லதா போச்சு, பதட்டத்துக்கு எழுதின எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை கூட வலி மாத்திரையும் சேந்தா வயித்துல ரத்தக் கசிவு வர வாய்ப்பு கூடும்னு சொல்லி வலி மாத்திரைய மொதல்ல நிறுத்தினாங்க. முதல் வாரம் குமட்டல், படபடப்பு இன்னும் ஜாஸ்தி, தூக்கிப் போட்டுடலாம்னு இருந்தேன், ஆனா அப்படித்தான் இருக்கும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அஞ்சாவது வாரம்தான் விடியிற வரைக்கும் தூங்கினேன்.

மாத்திரை மட்டும் பத்தல. பிசியோ தம்பி ஒரு பலகைய போட்டு ஏறி எறங்க சொல்லி ஒவ்வொரு தடவையும் பயத்துக்கு பத்துக்கு எத்தன மார்க்குன்னு கேப்பாரு, மொத நாள் ஒம்போது, அப்புறம் மாடிப்படி, அப்புறம் டிப்போல நிக்கிற காலி பஸ்சு. இப்ப ஓடுற ரூட் பஸ்லயே மூணுதான். ஈர பாத்ரூமுக்கு மட்டும் ஆறுக்கு கீழ எறங்கவே மாட்டேங்குது, ரப்பர் மேட்டு வாங்கிப் போட்டுட்டேன்.