திஹுவானா ஆற்றின் கணக்கும் ஜொகூர் ஆற்றின் கவலையும்

சான் டியேகோவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். சாக்கடை கலந்திருப்பதால் கடலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகை ஒன்று, மெக்சிகோவிலிருந்து வரும் திஹுவானா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, இம்பீரியல் பீச் மணலில் நின்றுகொண்டிருந்தது. "மாமா, சிங்கப்பூர் ஆற்றைப் பத்து வருஷத்தில் சுத்தம் செய்தார்கள் என்று பள்ளியில் படித்தோமே, இவ்வளவு பணம் இருக்கிற நாட்டால் இந்த ஒரு ஆற்றைச் சுத்தம் செய்ய முடியாதா?" என்று படத்தின் கீழே கேட்டிருந்தான். நான் 22 ஆண்டுகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பம்புகளைப் பராமரித்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கைப்பேசியில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் மீன் பிடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987இல் பணி நிறைவடைந்தது. இழப்பீடுகளைச் சேர்க்காமல் ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி செலவானது. காலாங் படுகையில் இருந்த 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. சாலையோர உணவுக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும், கம்பத்துக் (கிராமத்துக்) குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும், சரக்கேற்றும் சுமார் 800 தொங்கான் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கும் இடம் மாறின. பிழைப்பை இழந்தவர்கள் கொடுத்த விலை அந்த 170 மில்லியனுக்குள் இல்லை. இத்தனையும் நடந்ததற்குப் பணமும் உறுதியும் மட்டும் காரணமல்ல. அழுக்கு உண்டாகும் இடமும் அது வந்து சேரும் இடமும் ஒரே அரசாங்கத்தின் கையில் இருந்தன. திஹுவானா ஆற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அந்த ஆற்றின் வடிநிலத்தில், அதாவது அதற்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பில், நான்கில் மூன்று பங்கு மெக்சிகோவில் இருக்கிறது. திஹுவானா நகரத்தின் ஊடாக வந்து எல்லையைக் கடந்து, அமெரிக்கப் பக்கத்தில் சில கல் தொலைவு மட்டும் ஓடிப் பசிபிக் கடலில் கலக்கிறது. நகரம் வளர்ந்த வேகத்துக்குக் கழிவுநீர்க் குழாய்கள் வளரவில்லை. குழாய் உடைந்தாலும் பம்பு நின்றாலும் கழிவு ஆற்றோடு வடக்கே வந்துவிடும். இதைச் சமாளிக்க, திஹுவானாவின் கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்கென்றே அமெரிக்க மண்ணில், நாளொன்றுக்கு 25 மில்லியன் கேலன் கொள்ளளவில், சவுத் பே பன்னாட்டுச் சுத்திகரிப்பு ஆலை கட்டப்பட்டு 1997இல் இயங்கத் தொடங்கியது. அண்டை நாட்டின் சாக்கடையைத் தன் மண்ணில் சுத்திகரிக்க ஒரு நாடு முன்வந்தது நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன்.

பிறகு நடந்ததைத்தான் என் தங்கை மகன் கவனிக்க வேண்டும். வட அமெரிக்க வணிக உடன்பாட்டை ஒட்டி 2020இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஆற்றுச் சிக்கலுக்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. 2022இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட 328ஆம் எண் உடன்பாட்டின்படி மொத்தத் திட்டச் செலவு 474 மில்லியன் டாலர். அதில் மெக்சிகோவின் பங்கு 144 மில்லியன். சவுத் பே ஆலையின் கொள்ளளவை இரட்டிப்பாக்குவது இதில் முக்கியமான பணி. ஆனால் விரிவாக்கத்துக்காக உள்ளே போய்ப் பார்த்தபோது, பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட பராமரிப்பால் ஏற்கெனவே இருக்கும் ஆலை நலிந்து கிடப்பது தெரியவந்தது. அதைச் சீர்செய்வதற்கு மட்டுமே சுமார் 150 மில்லியன் டாலர் தேவை என்றார்கள், அதாவது புதிதாகக் கட்டுவதற்கென வந்த 300 மில்லியனில் பாதி. போதாக்குறைக்கு 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் அந்த ஆலையை மேலும் சேதப்படுத்தியது. 2024 டிசம்பரில் இன்னொரு 250 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எப்படி நேர்கிறது என்று தெரியும். கழிவுநீர்ப் பம்பு ஒரே நாளில் சாவதில்லை. மண்ணும் மணலும் நீரைத் தள்ளும் சுழல் தகடான இம்பெல்லரைத் தேய்க்கும், துணியும் ஈரத்துடைப்பானும் அதில் சுற்றிக்கொள்ளும், அதிர்வு கூடும், நீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசியும், கசிந்த நீர் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குள் போகும். சீலை மாற்றும் கட்டத்திலேயே கவனித்தால் ஒரு நாள் வேலை. அதற்கான தொகை "அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்று ஒத்திவைக்கப்பட்டால் முழுப் பம்பையும் மாற்ற வேண்டிவரும். நான் பணியாற்றிய ஓரிடத்தில், மாற்றுப் பம்பாக வைத்திருந்ததை ஓராண்டுக்கும் மேலாக முதன்மைப் பம்பாக ஓட்டினோம். அது நின்ற அன்று இரவு என்ன பாடுபட்டோம் என்பது இன்றும் நினைவில் இருக்கிறது. திஹுவானாவில் மழைக்காலத்தில் பள்ளத்தாக்குகளிலிருந்து சேறும் குப்பையும் அடித்துக்கொண்டு வருவதால் தேய்மானம் இன்னும் கடுமையாகவே இருக்கும். புதிய ஆலைக்கு நிதி கேட்டால் கொடுப்பதற்கு எந்த நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள், திறப்பு விழாவும் நடக்கிறது. இருபதாண்டுக்குச் சீல் மாற்றுவதற்கான பணத்தை யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் ஒரு பதில் கிடைத்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதிப் பொட்டாஷ் சுரங்கங்கள் உப்பை ஆற்றில் விட்டன. குடிநீருக்கும் பயிருக்கும் அவதிப்பட்டது கடைமடையில் இருக்கும் நெதர்லாந்து. 1976 உடன்பாட்டின்படி உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் தலா 30 விழுக்காடு, சுவிட்சர்லாந்துக்கு 6, நெதர்லாந்துக்கு 34. பாதிக்கப்பட்ட நாடே எல்லாரையும்விட அதிகம் கொடுக்க ஒப்புக்கொண்டது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயம் நிலைநாட்டப்படும்வரை கடைமடைக்காரர் அதே நீரைத்தான் குடிக்க வேண்டும். உடன்பாடு உடனே பலித்துவிடவும் இல்லை. அல்சாஸ் மக்களின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வர 1985 ஆயிற்று.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நம்மால் இருக்க முடியாது. ஜொகூர் ஆறு முழுவதும் மலேசிய மண்ணில் ஓடுகிறது. எல்லையைக் கடப்பது அதன் நீர். ஜொகூருடன் செய்துகொண்ட 1962 உடன்பாட்டின்படி 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில் மேற்புறத்து மாசால் அமோனியா அளவு உயர்ந்தபோது, சிங்கப்பூரின் நீர் வாரியமான பொதுப் பயனீட்டுக் கழகம் அங்கு நடத்தும் ஜொகூர் ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த நேர்ந்தது. அதற்கு முந்திய மாதம்தான் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, 100க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அது வேறோர் ஆறுதான். என்றாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவே வந்தது.

அதே ஏப்ரலில் இரு நாட்டுப் பிரதமர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில், ஜொகூர் ஆற்றின் நீர்வளத்தையும் தரத்தையும் காக்கச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டங்களை ஆராய்வது பற்றிய வாசகம் ஒன்று இருக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நமக்கு இது புதிய பழக்கமுமல்ல. ஜொகூர் மண்ணில் லிங்கியூ நீர்த்தேக்கத்தைக் கட்ட நாம் 300 மில்லியன் வெள்ளிக்கும் மேல் செலவழித்தோம். வறட்சியில் அங்கிருந்து திறந்துவிடும் நீர்தான் கடலின் உவர்ப்பு ஆற்றில் ஏறாமல் தடுக்கிறது. அணைக்குக் கொடுத்த நாம், மேற்புறத்து ஊர்களின் கழிவுநீர் ஆலைகளுக்கும் எண்ணெய்ப்பனை ஆலைகளின் கழிவுக் குளங்களுக்குமான கண்காணிப்பிலும் பராமரிப்பிலும் ஆண்டுதோறும் ஒரு பங்கை ஏற்கலாம் என்பது என் எண்ணம். ஒரே தவணையில் பெருந்தொகை கொடுப்பதைவிட, 2061 வரை நிற்காமல் வரும் சிறுதொகை அந்த ஆற்றுக்கு அதிகம் பயன்படும்.

திஹுவானாவிலும் இப்போது அந்தத் திசையில் ஓர் அசைவு தெரிகிறது. 2025 ஆகஸ்டில் சவுத் பே ஆலையின் கொள்ளளவு நாளொன்றுக்கு 35 மில்லியன் கேலனாக உயர்ந்தது. அதற்கு முந்திய மாதம் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில், நகரத்தின் மக்கள்தொகைப் பெருக்கத்தோடு ஆலைகளை இயக்கிப் பராமரிக்கும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மருமகனுக்கு இந்த இணைப்பை அனுப்பும்போது, அடுத்த வரவுசெலவுத் திட்டம் வெளிவந்ததும் அதில் பராமரிப்புக்கென எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்கப்போகிறேன்.