ஆக்டேவியா ஆர்எஸ்: இன்டேக் மாற்றிய பிறகு பத்து வாரம்

இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் குழாயை மாற்றி, கூம்பு ஃபில்டர் மாட்டிவிட்டு, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் முதல் முறையாக முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபோது டர்போவிலிருந்து வந்த விசில் இன்னும் காதிலேயே இருக்கிறது. வண்டி அருமையாக இழுத்தது. மாலையில் வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பதிவைத் திறந்தால், மூன்றாவது சிலிண்டரில் இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடுகிற நேரம்) 7.5 டிகிரி பின்வாங்கியிருந்தது. அதாவது நாக்கிங், சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது. ஓட்டியபோது காதுக்கும் கேட்கவில்லை, காலுக்கும் தெரியவில்லை. இன்டேக் மாட்ட நினைக்கிற எல்லோரும் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

வண்டி, 2004-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். ஈசியு, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், போஷ் எம்இ7.5. என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. வேலை தொடங்கியபோது ஓடியிருந்தது 1,42,300 கி.மீ.

ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றும் முன் பழைய ஏர் பெட்டியோடேயே ஒரு வாரம் பதிவு எடுத்தேன். ஒரே பங்கில் 95 ஆக்டேன் பெட்ரோல், ஏசி ஆஃப், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மட்டும். ஈசியுவின் எண்களை லேப்டாப்பில் காட்டுகிற விசிடிஎஸ் கேபிளில் 032-வது தொகுதிதான் எனக்கு ஜாதகம் மாதிரி. முதல் கட்டத்தில் ஐடிலில் ஈசியு செய்கிற பெட்ரோல் திருத்தம், இரண்டாவதில் ஓட்டத்தில் செய்கிற திருத்தம், இரண்டும் சதவீதத்தில்; + என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது என்று அர்த்தம். பழைய பெட்டியில் ஐடில் -0.4, ஓட்டம் +1.6. டிராக்கில் 020-வது தொகுதியில் டைமிங் பின்வாங்கல் அதிகபட்சம் 3 டிகிரி. மூன்றாவது கியரில் 3,000-லிருந்து 5,000 ஆர்பிஎம் போக 5.3 விநாடி. இந்த எண்கள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எதுவும் எனக்குப் புரிந்திருக்காது.

ஃபில்டர் எண்ணெய் போடாத உலர் ரகமாகத்தான் வாங்கினேன். எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டால் அது போய் மாஃப் சென்சாரின் மெல்லிய தகட்டில் படியும். காற்றை அளக்கிற கண்ணே அதுதான். அதோடு விளையாட எனக்கு மனமில்லை.

மாட்டுவது அரை நாள் வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டியதும் 032-ஐப் பார்த்தேன். ஐடில் +3.9, ஓட்டம் +14.1. இரண்டும் ஏறியிருந்தன. ஐடில் எண் இப்படி ஏறினால் சென்சாரைத் தாண்டி எங்கோ கள்ளக்காற்று உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கொஞ்சமாகக் காற்று போகிற ஐடிலில்தான் சின்னக் கசிவு பெரிதாகத் தெரியும். பெட்ரோல் வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஊதுபத்தியை ஏற்றி ஹோஸ் ஹோஸாகக் காட்டினேன். இன்ஜின் அடிப்பகுதியின் ஆவியைக் கொண்டுவருகிற கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் இன்டேக் குழாயில் சேருகிற இடத்தில், நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை நூல் மாதிரி வளைந்து ரப்பருக்கு அடியில் நுழைந்தது. கிட்டோடு வந்த கிளிப் ஒரு அளவு பெரியது. மாற்றினேன். ஐடில் 0.1-க்கு வந்துவிட்டது. ஓட்டம் மட்டும் +11.7-ல் நின்றது.

நான் தவறாக முடிவு செய்தது இங்கேதான். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஈசியு தானே பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துவிட்டது, போதும் என்று டிராக்குக்குப் போனேன். கிடைத்தது மேலே சொன்ன 7.5.

காரணம் வெர்னியரில் இருந்தது. பழைய மாஃப் குழாயின் உள்விட்டம் 60 மி.மீ., கிட்டில் வந்த குழாய் 63. மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. பரப்பில் அது 10 சதவீதம். சென்சார் பார்ப்பது தன்னைத் தொட்டுப் போகிற காற்றை மட்டும்தான். குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் சுமார் 9 சதவீதம் குறைத்துச் சொல்லும். பெட்ரோல் குறைவதை ஆக்ஸிஜன் சென்சார் பிடித்து ஈசியுவிடம் சொல்லிவிடுகிறது. ஆனால் டைமிங்? இன்ஜின் மேல் எவ்வளவு லோடு இருக்கிறது என்பதை ஈசியு இதே மாஃப் எண்ணில்தான் கணக்குப் போடுகிறது. லோடு குறைவு என்று நம்பி டைமிங்கை முன்னே தள்ளுகிறது. அந்தத் தவறைச் சொல்ல வேறு யாரும் இல்லை, நாக் சென்சார் ஒன்றுதான். அது கத்திய பிறகுதான் டைமிங் பின்வாங்கும்.

ஈசியு கோப்பைப் படித்து, மூலக் கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகுதான் அட்டவணையைத் தொட்டேன். மாஃப் வோல்டேஜைக் காற்றின் எடையாக மாற்றுகிற அட்டவணை அது, 512 கட்டம். எல்லாவற்றையும் 1.10-ஆல் பெருக்கினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த ஈசியுவில் ஒவ்வொரு எண்ணும் மணிக்கு 200 கிலோ கூட்டித்தான் எழுதியிருக்கும். அந்த 200-ஐக் கழித்து, பெருக்கி, மறுபடி கூட்ட வேண்டும். அப்படியே பெருக்கினால் கூட்டி வைத்த 200-உம் சேர்ந்து வீங்கி, ஐடிலே கெட்டுவிடும். எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் போட்டே வைத்திருந்தேன். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியு போய்விடும்.

ஓட்டம் +2.3-க்கு இறங்கியது. ஆனால் குறைந்த வேகத்தில் ஊர்ந்து போகும்போது உடனடித் திருத்தம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு மாலை அந்தப் பகுதி எண்களை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தும் அடங்கவில்லை. குழாயைக் கழற்றி, கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். “சென்சார் நேரா நிக்கலீங்க தம்பி. காத்துக்குத் தோளக் காட்டிட்டு நிக்குது” என்றார். உண்மைதான். வெல்டிங் இழுத்ததில் சென்சார் உட்காரும் ஃபிளேஞ்ச் மூன்று, நான்கு டிகிரி திரும்பியிருந்தது. அதோடு வளைவு முடிந்த இடத்திலேயே சென்சார். அலுமினியத்தில் புது ஃபிளேஞ்ச் கடைந்து, வளைவுக்கு அப்பால் 15 செ.மீ. நேர்க்குழாயில் வைத்துக் கொடுத்தார். மாட்டியதும் ஆட்டம் நின்றது. இரண்டு மாலை நான் அட்டவணையில் தேடியது அந்த ஃபிளேஞ்சில் இருந்தது.

அப்புறம் சூடு. ஏப்ரல் கோவையில் வெளியே 36 டிகிரி. ஃபில்டர் பக்கத்தில் வைத்த தெர்மோகப்பிள், அவினாசி ரோடு சிக்னலில் நின்றபோது 61 காட்டியது. டர்போவின் சூட்டை அப்படியே குடிக்கிறது. உக்கடத்தில் ஒரு டிங்கரிடம் அலுமினியத் தகட்டில் மூன்று பக்கச் சுவர் மடித்து வாங்கி, மேல் விளிம்பில் ரப்பர் பீடிங் போட்டேன், பானட் மூடினால் இறுக உட்காரும். பழைய பெட்டிக்குக் காற்று வந்த கிரில் வாயையே இதற்கும் திருப்பிவிட்டேன். அதே சிக்னல், அதே நேரம்: 44.

மறுபடி செட்டிபாளையம். டைமிங் பின்வாங்கல் அதிகபட்சம் 3 டிகிரி, பழைய பெட்டியில் இருந்த அதே அளவு. 3,000-லிருந்து 5,000-க்கு 5.1 விநாடி. ஆம், இவ்வளவு வேலைக்கும் 0.2 விநாடிதான். அட்டவணை கேட்ட பூஸ்டைத்தான் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) ஈசியு கொடுக்கும், அதற்கு மேல் கொடுக்காது. 115-வது தொகுதியில் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் முன்பு போலவே இருக்கின்றன, அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட்டுக்குப் போகும் டூட்டி (சிக்னலின் அளவு) மட்டும் குறைந்திருக்கிறது. டர்போ இப்போது கொஞ்சம் சிரமமில்லாமல் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். அந்த மிச்சத்தைச் சக்தியாக்க வேண்டுமானால் பூஸ்ட் அட்டவணையைத் தொட வேண்டும். டர்போ காற்றைக் குளிர்விக்கிற பழைய இன்டர்கூலரை வைத்துக்கொண்டு நான் தொட மாட்டேன்.

பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் நான்கிலும் ஒரே பழுப்பு, மூன்றாவதிலும் நாக்கிங்கின் அடையாளமான புள்ளி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இன்றைக்கு மீட்டரில் 1,44,150. ஐடில் -0.2, ஓட்டம் +1.9. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வரும், கிரில் வாய் நேராக அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. தகட்டுப் பெட்டியின் அடியில் 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, ஃபில்டரை அரை அங்குலம் மேலே தூக்கி வைத்திருக்கிறேன். முதல் மழையில் நனைந்து வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதுகிறேன்.