கீழ்த்தட்டு உலகம்

எங்கள் பெரியப்பா உலகம் முழுக்கச் சுற்றியவர். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கே என்ன பார்த்தார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. போன மாதம் டொரொண்டோவிலிருந்து வந்த அத்தான் கேட்டுவிட்டார்.

அத்தான் நாடு எண்ணுகிறவர். கைபேசியில் உலகப் படம் வைத்திருக்கிறார். போன நாட்டுக்கெல்லாம் பச்சை அடித்திருக்கிறார். ஐ.நா.வில் உள்ள 193 நாடுகளில் 48 முடிந்துவிட்டதாம். கட்டார் விமான நிலையத்தில் கோப்பி குடித்ததும் அதில் அடக்கம். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகும் வழியில், வாகனத்துக்குள் வைத்து, "நீங்கள் எத்தனை நாடு, பெரிய மாமா?" என்றார்.

"எந்த நாடெண்டாலும் எனக்குக் கீழ்த்தட்டுத்தான் தம்பி."

பெரியப்பா கப்பலில் ஓயிலர். என்ஜினுக்கு எண்ணெய் பார்ப்பது, பம்புகளைத் தொட்டுச் சூடு பார்ப்பது, சத்தம் மாறினால் ஓடிப்போய்ச் சொல்வது. கப்பல் ஓடும்போது என்ஜின் அறையை விட்டு வரமுடியாது. துறைமுகத்தில் நின்றால்தான் என்ஜினைப் பிரித்துத் திருத்த நேரம் கிடைக்கும். ஆக, மேல்தட்டுக்காரர்கள் ரொட்டர்டாமில் ஊர் பார்க்க இறங்க, இவர் பிஸ்டன் இழுத்துக்கொண்டிருப்பார்.

"சுயெஸ் கால்வாய் பாத்தனீங்கள்தானே?"

"193 கிலோமீற்றர். முழுக்கக் கேட்டனான்."

ஐ.நா. நாடுகளின் எண்ணிக்கையும் அதுதானே என்று அத்தான் வியந்தார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் பெரியப்பாவுக்கு உலகம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. என்ஜினைக் குளிர வைக்கக் கடல்நீரைத்தான் உள்ளே இழுப்பார்கள். அந்தக் குழாயில் குப்பை பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கும். அதைத் திறந்து கழுவுவதும் இவர் வேலை. ஒரு கடலில் சொறிமுட்டை, இன்னொன்றில் சிப்பி, பெரிய துறைமுகம் என்றால் பொலித்தீன் பை. பனாமாவில் கப்பலை 26 மீற்றர் உயர்த்தி ஒரு ஏரிக்குள் விடுவார்கள் அல்லவா, அங்கே மட்டும் குழாயில் நல்ல தண்ணீர் வருமாம். "அப்ப விளங்கும், பனாமா எண்டு." வட கடலில் குளிர்காலத்தில் குழாயின் வெளிப்பக்கம் வியர்க்கும். செங்கடலில் நீரே 30 பாகைக்கு மேல் வரும். என்ஜினுக்கும் சூடு இறங்காது, இவருக்கும் இறங்காது.

கன்னியாவில் ஏழு கிணறுகள். இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்பது ஐதீகம். (அவரும் ஊர் சுற்றியவர்தான், சொந்த விமானம், விசாத் தொல்லை இல்லை.) அத்தான் கிணறுகளோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுக்கத் தொடங்கினார். பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கிணற்று வாளிக்குள் விரலை விட்டார்.

"செங்கடல். ஜூன் மாதம்."

அடுத்த கிணறு. கண்ணை மூடிக்கொண்டார். "பாரசீகக் குடா. ஓகஸ்ட்."

பக்கத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வாளியோடு நின்றுவிட்டார். மூன்றாவதில் விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்தார்.

"இது கடல் இல்லை. கூலர் அடைபட்டிருக்கு!"

அந்த அம்மா தன் வாளியையும் நீட்டி, "ஐயா, இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அவர் ஏதோ சாத்திரம் பார்ப்பதாக நினைத்திருக்க வேண்டும். பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒவ்வொரு கடல் சொல்லி அனுப்பிவைத்தோம்.

திரும்பும்போது அத்தான் விடவில்லை. "சரி மாமா, உங்களுக்கு ஆகப் பிடிச்ச நாடு எது?"

"பிரேசில்." யோசிக்கவே இல்லை.

"கடற்கரையா? கார்னிவலா?"

"சந்தோஸ் துறைமுகத்துக்கு வெளியால, சீனி ஏத்த முறை வரும்வரைக்கும் நங்கூரம் போட்டுக் கிடந்தம். என்ஜினை நிப்பாட்டிப் போட்டினம். அப்பிடி ஒரு நித்திரை நான் வேற எந்த நாட்டிலயும் கொள்ளேல்லைத் தம்பி."